பாரிசவாதம் வந்த மூளையில் எது செத்தது, எது பிழைக்கும் என்று அந்தக் கலர் படம் எப்படிக் காட்டுகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 63 வயது. காலை 5 மணிக்கு அம்மா எழுப்பியபோது வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் வரவில்லை. த்ரீவீலரில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். 6.50க்கு சி.டி. எடுத்துவிட்டு, மூளையில் இரத்தக்கசிவு இல்லை, ஆனால் வருத்தம் எத்தனை மணிக்கு வந்தது என்று தெரியாததால் மூளைக் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது என்றார்கள். அங்கிருந்து கண்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே 10.50க்குக் கையில் மருந்து ஏற்றிப் பச்சையும் சிவப்புமாக ஒரு படம் எடுத்தார்கள், அதைப் பார்த்துவிட்டு 11.15க்கு அதே ஊசியைப் போட்டார்கள். ரிப்போர்ட்டில் 28, 96, 3.4 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. முதலில் முடியாது என்ற ஊசியை நாலு மணி நேரம் கழித்து எப்படிப் போட்டார்கள், அந்தப் படத்தை நம்பலாமா, பிரசர் 190 இருந்தும் ஏன் குறைக்காமல் விட்டார்கள், 28 செத்துவிட்டது என்றால் கை இனி வராதா. இவைதான் உங்கள் கேள்விகள்.

நான் டொக்டர் இல்லை. 15 வருடமாக சி.டி. அறையில் ரேடியோகிராபராக இருக்கிறேன், பிறந்து வளர்ந்தது மஸ்கெலியாப் பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில். உங்கள் அப்பாவுக்கு எடுத்த அந்தப் படத்துக்குப் பெயர் பெர்ஃபியூஷன் ஸ்கேன். மூளையின் ஒவ்வொரு துளி இடத்துக்கும் எவ்வளவு இரத்தம், எவ்வளவு வேகமாக, எவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறது என்று அளக்கிற படம் அது. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அது அளப்பது இரத்த ஓட்டத்தை. எது செத்தது, எது பிழைக்கும் என்பது அந்த ஓட்டத்தை வைத்துப் போடும் கணக்கு. நல்ல கணக்குத்தான், ஆனாலும் கணக்கு. அதை நம்பலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கிற நம்ம பீலியை வைத்துச் சொன்னால் சுலபமாக விளங்கும். மலை மேலே ஊற்று, ஊற்றடியில் தொட்டி, தொட்டியிலிருந்து கீழே இறங்குகிற பெரிய பைப், அது கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பீலி. நடுவில் ஓர் இடத்தில் சருகும் மண்ணும் சேர்ந்து பைப்பை அடைத்துவிட்டால் அதற்குக் கீழே இருக்கிற பீலி எல்லாமே அந்த நிமிடத்தில் காய்ந்துவிடுவதில்லை. பக்கத்துக் கிளைப் பைப்பிலிருந்தும் சின்ன ஓடையிலிருந்தும் சுற்றிக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் வந்தபடி இருக்கும், நூல் மாதிரி வரும், தாமதமாக வரும், ஆனால் வரும். அடைப்புக்கு நேர் கீழே, எந்தச் சுற்று வழியும் எட்டாத பீலி மட்டும் உடனே நின்றுபோகும்.

மூளையிலும் இதுதான் நடக்கிறது. நல்ல மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மில்லி லீட்டர் இரத்தம் ஓடும். அது 20 அளவுக்கு இறங்கினால் நரம்பு செல் வேலையை நிறுத்திவிடும், உயிரை விடாது. கை அசையாது, பேச்சு வராது, ஆனால் செல் உயிரோடு இருக்கும். 10க்குக் கீழே போனால் செல்லின் சவ்வே தாங்காது, உப்பும் தண்ணீரும் உள்ளே புகுந்து நிமிடக் கணக்கில் செத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில், வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிற பகுதிக்கு பெனம்பிரா என்று பெயர். கிரகணத்தின்போது முழு இருட்டைச் சுற்றி ஓர் அரைநிழல் விழும் இல்லையா, அந்தச் சொல். 1970களின் கடைசியில் லண்டனில் லிண்ட்சே சைமன், யென்ஸ் அஸ்ட்ரப் போன்றவர்கள் குரங்குகளில் இரத்த ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தபோது, மின்துடிப்பு நிற்கிற அளவும் செல் சாகிற அளவும் வேறு வேறு என்று கண்டார்கள். பாரிசவாத வைத்தியம் இன்றைக்கு முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. அப்பாவின் கை அன்றைக்குக் காலை 5 மணிக்கு அசையாமல் கிடந்ததற்குச் செத்த செல்லும் காரணம், சாகாமல் மயங்கிக் கிடந்த செல்லும் காரணம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதைப் பிரித்துக் காட்டத்தான் அந்தப் படம்.

எப்படிப் பிரிக்கிறது? திரும்பவும் பீலிக்கே போவோம். மேலே தொட்டியில் ஒரு கை மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு, ஒவ்வொரு பீலியடியிலும் ஒரு பிள்ளையைக் கைக்கடிகாரத்தோடு நிறுத்துங்கள். மஞ்சள் எத்தனை செக்கனில் வந்தது, எவ்வளவு அடர்த்தியாக வந்தது, வந்து மறைய எவ்வளவு நேரம் எடுத்தது என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்தால், மலையைத் தோண்டாமலே அடைப்பு எங்கே, எந்த லயத்துக்குச் சுற்று வழித் தண்ணீர் இருக்கிறது, எந்த லயம் முற்றாகக் காய்ந்தது என்று சொல்லிவிடலாம்.

ஸ்கேன் அறையில் மஞ்சளுக்குப் பதில் அயடின் கலந்த கொன்ட்ராஸ்ட் மருந்து. வலது முழங்கை மடிப்பில் கொஞ்சம் பெரிய ஊசியாகப் பார்த்துப் போடுவோம், ஏனென்றால் செக்கனுக்கு 4 முதல் 6 மில்லி லீட்டர் வேகத்தில் 40, 50 மில்லி லீட்டர் மருந்து சட்டென்று ஒரே தள்ளாகப் போக வேண்டும், சின்ன ஊசி அதைத் தாங்காது. கொழுந்து பறித்த அம்மாமார் வந்தால் இந்த இடத்தில்தான் எனக்குக் கை நடுங்கும். வருடக்கணக்காக வெயிலிலும் மழையிலும் உழைத்த கை, விரல் நுனியெல்லாம் சாயக்கறை ஊறிக் கறுத்திருக்கும், பயத்திலும் குளிரிலும் இரத்த நரம்பு உள்ளே ஓடி ஒளிந்திருக்கும், தட்டித் தட்டித் தேட வேண்டும், ஆனால் தேடுகிற ஒவ்வொரு நிமிடமும் அவருடைய மூளையிலிருந்து போகிறது. பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 இலட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க வைத்தியர் 2006இல் கணக்குப் போட்டார். அந்த எண் எனக்கு மனப்பாடம்.

மருந்து போகும்போது உடம்பு முழுக்க ஒரு சூடு பரவும், சிறுநீர் போய்விட்ட மாதிரிக்கூடத் தோன்றும், அதை முன்கூட்டியே நோயாளியின் மொழியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பயந்து தலையைத் தூக்குவார், படம் பாழ். மெஷின் ஏறக்குறைய ஒரு நிமிடம், அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும். பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளிக்கும் மருந்து ஏறி இறங்கிய வளைவை வரைந்து, அதிலிருந்து நாலு விஷயத்தைக் கணக்கிடும்: எவ்வளவு வேகமாக இரத்தம் ஓடுகிறது, அந்த இடத்துக் குழாய்களில் மொத்தம் எவ்வளவு இரத்தம் இருக்கிறது, ஒரு துளி உள்ளே வந்து வெளியேற எவ்வளவு நேரம் எடுக்கிறது, பெரிய குழாயை விட எத்தனை செக்கன் தாமதம். இந்தக் கடைசி அளவுக்குத்தான் டிமேக்ஸ் என்று பெயர், உங்கள் ரிப்போர்ட்டில் 96 என்ற எண் அதிலிருந்து வந்தது.

சரி, உங்கள் எண்களுக்கு வருகிறேன். 28 என்றால், மறுபக்கத்து நல்ல மூளையில் ஓடுகிற இரத்தத்தில் 30 சதவீதத்துக்கும் குறைவாக ஓடுகிற பகுதி 28 மில்லி லீட்டர். இதைக் கோர் என்பார்கள், அநேகமாகச் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிற நடுப்பகுதி. 96 என்றால், மருந்து வந்து சேர 6 செக்கனுக்கு மேல் தாமதமான பகுதி மொத்தம் 96 மில்லி லீட்டர், அந்த 28உம் இதற்குள் அடக்கம். 96ஐ 28ஆல் வகுத்தால் வருவது 3.4. கழித்தால் 68. அந்த 68 மில்லி லீட்டர்தான் அன்றைக்குக் காலை 10.50க்கு உங்கள் அப்பாவின் தலைக்குள் நூல் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த பகுதி. அடைப்பைத் திறந்தால் பிழைக்கலாம், திறக்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அந்த 28ஓடு சேர்ந்துவிடும். நீங்கள் பார்த்த படத்தில் சிவப்பு நடுவும் பச்சைச் சுற்றும் இதுதான். வேறு மென்பொருளில் வேறு நிறம் போடுவார்கள், ஆகவே நிறத்தை வைத்துப் பயப்படாதீர்கள்.

இப்போது ஊசிக் கதை. கட்டி கரைக்கும் மருந்தை 1995இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் என்று காட்டியது, 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை 4½ மணி நேரமாக நீட்டியது. இந்தக் கணக்கு தொடங்குவது நோயாளி கடைசியாக நல்லபடியாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து. தூக்கத்தில் வந்தால் படுத்த நேரத்தையே எடுக்க வேண்டும். அப்பா 9 மணிக்குப் படுத்தார் என்று எழுதிக்கொண்டால் காலை 6.50க்கு ஏறக்குறைய 10 மணி நேரம், ஊசிக்கு வழியே இல்லை. மூளை இரத்தக்குழாய் அடைப்பில் ஐந்தில் ஒன்று இப்படித் தூக்கத்தில் வந்து காலையில்தான் தெரியும், அவர்கள் எல்லோரும் பல வருடங்கள் இப்படியே கைவிடப்பட்டார்கள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் திசுவையே பார்த்து முடிவெடுத்தால் என்ன என்று கேட்ட ஆய்வுகள் 2018ஐ ஒட்டி வரிசையாக வந்தன. டான், டிஃபியூஸ் 3 என்ற இரண்டும், பெரிய குழாயில் அடைப்பு இருந்து, செத்த பகுதி சின்னதாக இருப்பவர்களுக்கு, கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சையை முதலாவதில் 24 மணி நேரம் வரை, இரண்டாவதில் 16 மணி நேரம் வரை செய்து பார்த்தன. டானில் 3 மாதம் கழித்துத் தன் காரியத்தைத் தானே பார்க்கிற நிலைக்கு வந்தவர்கள், சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம், பெறாதவர்களில் 13. டிஃபியூஸில் 45க்கு 17. இந்த எண்களை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது, தூரத்திலிருந்து தாமதமாக வந்து சேர்கிற நம்ம சனங்களுக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அப்புறம் 2019இல் எக்ஸ்டெண்ட் என்ற ஆய்வு வந்தது, உங்கள் அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான். 4½ மணியிலிருந்து 9 மணி நேரம் வரை உள்ளவர்களுக்கும் தூக்கத்தில் வந்தவர்களுக்கும் பெர்ஃபியூஷன் படம் பார்த்து அல்டெப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் ஊசி போட்டார்கள். தூக்கம் என்றால் தூங்கிய நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்கும் நடுப்புள்ளியிலிருந்து 9 மணி நேரம். செத்த பகுதி 70 மில்லி லீட்டருக்குக் குறைவாக, விகிதம் 1.2க்கு மேல், வித்தியாசம் 10 மில்லி லீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அப்பாவின் 28, 3.4, 68 மூன்றும் இதற்குள் வருகின்றன. பலன் டானில் வந்தது மாதிரிப் பெரிதாக இல்லை, நன்றாகத் தேறியவர்கள் 35.4 சதவீதம், ஊசி போடாதவர்களில் 29.5. மூளைக்குள் இரத்தம் கசிந்து மோசமானவர்கள் 6.2 சதவீதம், மற்றப் பக்கம் 0.9. டொக்டர் ஊசிக்கு முன் உங்களைக் கூப்பிட்டு ஆபத்தைப் பற்றிப் பேசியது இதனால்தான்.

ஆனால் நடுப்புள்ளிக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 9 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால் நடுப்புள்ளி 1 மணி, 9 மணி நேரம் சேர்த்தால் காலை 10. ஊசி போட்டது 11.15க்கு. அப்படியென்றால் எப்படிப் போட்டார்கள்? பதில் உங்கள் கேள்வியிலேயே ஒரு மூலையில் இருக்கிறது. கண்டியில் ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) உங்கள் அம்மாவிடம் தமிழில் விசாரித்தபோது, "விடியக்காலை 3 மணிக்கு எழும்பி வெளியே போய்ட்டு வந்து, தண்ணி கேட்டுக் குடிச்சிட்டு, குளிர் கூடவா இருக்குன்னு சொல்லிட்டுப் படுத்தாரு" என்று அம்மா சொன்னதாக நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, முழுக் கதையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. 3 மணிக்கு நடந்தார், குடித்தார், பேசினார். அப்போது அவர் நல்ல மனிதர். தூக்கம் 3 முதல் 5 வரை, நடுப்புள்ளி 4, ஆகவே பகல் 1 மணி வரை கதவு திறந்திருந்தது. அதனால்தான் படம் எடுத்தார்கள், படம் ஆம் என்றதும் ஊசி போட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. அதே வரி காலை 6.50க்கு முதல் ஆஸ்பத்திரியில் பதிவாகியிருந்தால், அது 3 மணி 50 நிமிடக் கேஸ். 4½ மணி நேரத்துக்கு இன்னும் 40 நிமிடம் இருந்தது. கலர் படம் தேவையே இல்லை, இரத்தக்கசிவு இல்லை என்று சொன்ன அந்தச் சாதாரண சி.டி. போதும், ஊசியைப் பற்றி அங்கேயே யோசித்திருக்கலாம். அம்மா மீது இதில் ஒரு துளி குற்றமும் இல்லை. "எத்தனை மணிக்கு வந்தது" என்று அவருக்குப் பழக்கமில்லாத மொழியில் கேட்டிருப்பார்கள், அவர் "எழுப்பினேன், எழும்பல" என்றுதான் சொல்லியிருப்பார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடைசியாக அவர் நல்லாப் பேசி நடந்ததை எப்போது பார்த்தீங்க? இரவில் எழும்பினாரா? நான் பார்த்த ஒரு வயதான அம்மாவின் மருமகள் கடிகாரம் பார்க்கத் தெரியாதவர், ஆனால் "ஃபெக்டரிச் சங்கு ஊதுறப்ப இஸ்தோப்புல உக்காந்து தேத்தண்ணி குடிச்சாங்க, நான்தான் கொடுத்தேன்" என்றார். சங்கு எத்தனை மணிக்கு என்று தோட்டத்துக்கே தெரியும். அந்தச் சங்கை வைத்து நேரத்தை எழுதிக்கொண்டு அவருக்கு மருந்து போட்டார்கள். கோடிக்கணக்கான ரூபாய் மெஷின் சொல்வதை விடக் கூடுதலான விஷயத்தை அந்த மருமகள் சொன்னார் என்று நான் மனமாரச் சொல்வேன்.

முதல் ஆஸ்பத்திரியில் ஏன் இந்தப் படத்தை எடுக்கவில்லை என்று கோபப்படுகிறீர்கள். அதில் எனக்கு உங்களோடு முழு உடன்பாடு இல்லை. சி.டி. மெஷின் இருந்தாலே பெர்ஃபியூஷன் எடுத்துவிட முடியாது. பழைய, சின்ன மெஷின்கள் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் பட்டையை மட்டும்தான் பார்க்கும், மலையில் இரண்டு பீலியடியில் மட்டும் ஆள் நிறுத்திவிட்டு முழுத் தோட்டத்தைப் பற்றியும் பேசுகிற மாதிரி ஆகிவிடும். மருந்தை வேகமாகத் தள்ளும் இன்ஜெக்டர் வேண்டும், கணக்குப் போடும் மென்பொருள் வேண்டும், பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். கதிர்வீச்சு அளவையும் கவனமாக வைக்க வேண்டும். 2009இல் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் ஆஸ்பத்திரியில் இந்த ஸ்கேனுக்கு மெஷினில் அளவு தவறாகப் போடப்பட்டு, 200க்கு மேற்பட்டவர்களுக்கு வேண்டியதைப் போல் 8 மடங்கு கதிர்வீச்சு போய், சிலருக்கு முடி பட்டையாகக் கொட்டிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். சரியாக எடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் விளையாட்டாக எடுக்கிற படமும் இல்லை. இது இல்லாமலும் வழி இருக்கிறது: சாதாரண சி.டி.யில் மூளையைப் பத்துப் பகுதியாகப் பிரித்துப் புள்ளி போடும் ஆஸ்பெக்ட்ஸ் முறை, மருந்து ஏற்றி இரத்தக்குழாயையும் சுற்று வழிக் கிளைகளையும் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோ, வசதி உள்ள இடத்தில் எம்.ஆர்.ஐ. கிளைக் குழாய்கள் நன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து, தாமதமாக வந்தவர்களுக்குக் கட்டியை எடுத்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றும் 2023இல் நல்ல முடிவையே காட்டியது. ஆகவே கலர் படம் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் கைவிட்ட ஆஸ்பத்திரி என்று நினைக்காதீர்கள்.

படத்தை நம்பலாமா? கணக்கு என்று முதலில் சொன்னேன், அது எங்கெல்லாம் வழுக்கும் என்று அந்த அறையில் இருக்கிறவனாகச் சொல்கிறேன். வருத்தம் வந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தால், ஓட்டம் மிகக் குறைந்திருந்தாலும் திசு இன்னும் சாகாமல் இருக்கலாம். படம் அதைச் செத்தது என்று சிவப்பாகக் காட்டும், ஆனால் சீக்கிரம் குழாயைத் திறந்துவிட்டால் மறுநாள் ஸ்கேனில் அந்த இடம் பத்திரமாக இருக்கும். இதைப் பேய்க் கோர் என்றே சொல்வார்கள். நேர்மாறாகவும் நடக்கும்: கட்டி தானாகக் கரைந்து இரத்தம் திரும்பி ஓடத் தொடங்கிவிட்டால் படம் அழகாக, சாதாரணமாக இருக்கும், ஆனால் அங்கே இருக்கும் திசு ஏற்கனவே செத்திருக்கலாம். சாதாரண சி.டி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற டொக்டர் அதில் ஏமாற மாட்டார். கழுத்துக் குழாய் பல வருடமாகச் சுருங்கியிருந்தால் அந்தப் பக்கம் முழுக்கத் தாமதம் காட்டிப் பச்சையாகப் பயமுறுத்தும். இதயம் பலவீனமாக இருந்தால், துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால், மருந்து மெதுவாகப் போய்ச் சேர்ந்து, வளைவு இறங்கி முடியுமுன்னே ஸ்கேன் முடிந்துவிடும், எண்கள் கோணலாகும். சின்னச் சின்ன ஆழமான அடைப்புகளும், பின் மூளை அடைப்புகளும் இதில் தப்பிவிடும். அதனால் ஆள் மயங்கித் தள்ளாடுகிறார், இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்கிறார் என்றால், படம் சுத்தம் என்பதை வைத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

செத்த பகுதி பெரிது, இனிச் செய்து பயனில்லை என்ற பேச்சும் முன்பு போல் இல்லை. 2022இல் ஜப்பானிலும், 2023இல் சீனாவிலும் அமெரிக்கா முதலான நாடுகளிலும் வந்த ஆய்வுகள், பெரிய சிவப்பு உள்ளவர்களுக்கும் கட்டியை எடுத்தால் எடுக்காததை விட நல்லது என்று காட்டின. அமெரிக்கா முதலான நாடுகளில் நடந்ததில் நடமாடித் தன் காரியம் பார்க்கிற நிலைக்கு வந்தவர்கள் 20 சதவீதம், எடுக்காதவர்களில் 7. ஐந்தில் ஒருவர்தான். ஆனால் அந்த ஒருவர் யாருடைய அப்பா என்று முன்கூட்டித் தெரியாது.

நம்ம பக்கத்துக்கு நான் பெரிதாக நம்பிக்கை வைப்பது வேறொன்றில். கட்டியைக் கம்பி விட்டு எடுக்கிற வசதி இலங்கையில் மிகச் சில இடங்களில்தான் உண்டு, ஹட்டனிலிருந்தோ வெலிமடையிலிருந்தோ அங்கே போய்ச் சேர்வது எல்லோராலும் ஆகாது. 2024இல் சீனாவில் ட்ரேஸ் 3 என்ற ஆய்வு, பெரிய குழாயில் அடைப்பு இருந்து அந்த வசதி கிடைக்காதவர்களையே எடுத்து, பெர்ஃபியூஷன் படத்தில் பச்சை மிச்சமிருந்தால் 4½ முதல் 24 மணி நேரத்துக்குள் டெனெக்டெப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்தை ஒரே ஊசியாகப் போட்டுப் பார்த்தது. நன்றாகத் தேறியவர்கள் 33 சதவீதம், போடாதவர்களில் 24. கசிவு 3 சதவீதம். ஒரே ஊசி, மணிக்கணக்கில் ஏற்றத் தேவையில்லை. றம்பொடை வளைவுகளில் ஆம்புலன்ஸ் திரும்பித் திரும்பி இறங்குகிற நேரத்தை நினைத்தால், மலைநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு நல்ல சி.டி.யும் இந்த மருந்தும் வேண்டும் என்று கேட்க இதை விட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

பிரசர் விஷயம். உங்கள் கோபத்தில் இதுதான் கூடுதலாகத் தெரிந்தது, ஆனால் இதில் அவர்கள் செய்தது சரி. அந்த 68 மில்லி லீட்டரும் சுற்று வழி நூல் தண்ணீரில் இருக்கிறது என்றேன் இல்லையா? அந்தத் தண்ணீரைத் தள்ளுவது பிரசர்தான். தொட்டியில் மட்டம் இறங்கினால் முதலில் காய்வது கடைசிப் பீலி. உடம்பு அந்த நேரத்தில் பிரசரைத் தானே ஏற்றி மூளையைக் காப்பாற்றப் பார்க்கிறது, அதை மாத்திரை கொடுத்துச் சடாரென்று இறக்கினால் பச்சை சிவப்பாகிவிடும். ஊசி போடாத நோயாளிக்கு 220க்கு 120 வரைகூடப் பொறுத்துக்கொள்வார்கள். ஊசி போடுவதென்றால் மட்டும் கசிவுப் பயத்தால் 185க்கு 110க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதனால்தான் 6.50க்கு 190ஐ விட்டுவிட்டு, 11 மணிக்கு மட்டும் சொட்டு மருந்தால் மெதுவாகக் குறைத்தார்கள். வீட்டில் இருக்கும் பிரசர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பது, கசிவு இருக்கிறதா என்று தெரியுமுன்னே அஸ்பிரின் கொடுப்பது, எண்ணெய் தடவி உருவிவிட ஆள் தேடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்று அக்கம்பக்கத்திலும் சொல்லிவையுங்கள்.

கை வருமா? 28 மில்லி லீட்டர் என்பது ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் ஆறில் ஒரு பங்கு அளவு, மூளை மொத்தம் 1,300 மில்லி லீட்டர் போல. ஆனால் அளவை விட இடம் முக்கியம், கையை அசைக்கும் நரம்புப் பாதையில் ஒரு ஸ்பூன் அளவு செத்தாலும் கை போகும், வேறு இடத்தில் இரண்டு மடங்கு செத்தாலும் வெளியே தெரியாது. ஊசி போட்டு 24 மணி நேரம் கழித்து இன்னொரு சி.டி. எடுத்திருப்பார்கள். அந்தப் படத்தையும் முதல் நாள் படத்தையும் பக்கத்தில் வைத்து, பச்சையில் எவ்வளவு மிஞ்சியது, கைப் பாதை எந்தப் பக்கம் விழுந்தது என்று டொக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆறாம் நாளே நாலைந்து சொல் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. மயங்கிக் கிடந்த செல்கள் இரத்தம் வந்த அன்றே எழும்பாது, சிலது நாள் கணக்கில் எடுக்கும், அதற்குப் பிறகு வருகிற முன்னேற்றம் மாதக் கணக்கில் பயிற்சியால் வருவது. பிசியோவை வார்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள், தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு கிளினிக்குக்குப் போய்வர யார் கூட்டிப்போவார்கள் என்று இப்போதே பேசி வையுங்கள், பாதிப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். விழுங்குவது சரியா என்று பார்க்காமல் தேத்தண்ணி ஊட்ட வேண்டாம், நெஞ்சுக்குள் போய் நிமோனியா ஆகிவிடும்.

சுகர், பிரசர் உள்ள எல்லா வீட்டிலும் ஒரு காரியம் செய்யலாம். முகம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990க்கு அடியுங்கள், சுவசெரிய ஆம்புலன்ஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பாரிசவாதம் என்று சொல்லி, சி.டி. இருக்கிற ஆஸ்பத்திரிக்கு என்று கேளுங்கள். வண்டி வருமுன் ஒரு கடதாசியில் மூன்று விஷயம் எழுதி ஆளின் சட்டைப்பைக்குள் வைத்துவிடுங்கள்: கடைசியாக நன்றாகப் பேசி நடந்ததைப் பார்த்த நேரம், பார்த்தவரின் போன் நம்பர், என்னென்ன மாத்திரை போடுகிறார். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர் என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள். நேரத்தை மட்டும் சிங்களத்திலும் எழுதத் தெரிந்த பிள்ளை பக்கத்துக் காம்பராவில் இருந்தால் எழுதி வாங்குங்கள்.

24 மணி நேர ஸ்கேன் ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் அதில் இருப்பதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள் தம்பி, நான் வரி வரியாகச் சொல்கிறேன். அம்மாவிடம், அவர் சொன்ன அந்த 3 மணிதான் ஊசி போட வழி விட்டது என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.